எண்ணூறு ஆமென்

கண்களை மூடிக்கொண்டு எண்ணூறு பெண்பிள்ளைகள் வேப்பமரங்களுக்குக் கீழே வரிசை வரிசையாக நிற்கிறோம், எண்ணெய் வைத்து வாரிய தலைகள் எல்லாம் குனிந்திருக்கின்றன, ஒரே ஒரு தலை மட்டும் நிமிர்ந்திருக்கிறது, அதில் இரண்டு கண்கள் அகலத் திறந்திருக்கின்றன, அவை என்னைப் பார்க்கின்றன, ஏனென்றால் நானும் திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்திருக்கிறேன், அவள் சிரிக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்துகிறாள், எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, இல்லை, இது வேப்பமரத்தடி இல்லை, அதெல்லாம் முடிந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இப்போது நான் நிற்பது எங்கள் சபைக் கோயிலுக்குள், அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம், ஐயர் கண்களை மூடி ஜெபிப்போம் என்றார், மூடினேன், மூடியதும் அவள் வந்து நிற்கிறாள். ஐயர் அப்பாவின் நன்மைகளை ஒவ்வொன்றாகக் கர்த்தருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், கர்த்தருக்குத் தெரியாததுபோல, இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கதைக்கு வருவார், எங்கள் சபையில் அப்பாவைப் பற்றி யார் பேசினாலும் அந்தக் கதைக்கு வராமல் இருந்ததில்லை.

அவள் பெயர் அறிவுக்கொடி, நாங்கள் கொடி என்போம், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் என் பக்கத்து இடம். அவள் அப்பா சுடரொளி, பெற்றவர்கள் வைத்த சுடலைமுத்து என்ற பெயரை இருபது வயதில் கழற்றிப் போட்டவர், அக்கினி வெயிலிலும் கருப்புச் சட்டை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சுடரொளி சவுண்ட் சர்வீஸ் என்று கடை வைத்திருந்தார், அம்மன் கொடைக்கும் எங்கள் கோயில் அசன விருந்துக்கும் தர்கா கந்தூரிக்கும் அவர்தான் குழாய் கட்டுவார், எல்லாச் சாமிக்கும் நான்தாம்மா பாட்டுப் போடுதேன், ஒரு சாமியாச்சும் வந்து சத்தத்தக் கொறன்னு சொல்லியிருக்கா, என்று எங்களிடம் கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். மனைவி இறந்தபின் மகளுக்குச் சடை பின்னி விட்டதும் அவர்தான், ஒரு சடை மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் இருக்கும், கொடி அதை அவிழ்த்துப் பின்ன யாரையும் விடமாட்டாள். பெண்பிள்ளைகளுக்கு ஊரில் நல்ல பள்ளிக்கூடம் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம்தான் என்று கொண்டுவந்து சேர்த்தார், சேர்க்கும்போது கையோடு ஒரு கடிதமும் கொடுத்தார், என் மகளுக்குக் கடவுள் கிடையாது, மற்றப் பிள்ளைகள் கும்பிடும்போது மரியாதையாக நிற்பாள், கண்ணை மட்டும் மூடமாட்டாள், என்று. எங்கள் தலைமையாசிரியை, பெரிய டீச்சர் தேவகிருபை அம்மா அதைப் படித்துவிட்டு, சரி, நிக்கட்டும், கண்ணத் திறந்துக்கிட்டு ஒருத்தியாச்சும் இருக்கணும், எவ மயங்கி விழுதான்னு பாத்துப் பிடிக்கட்டும், என்றார்களாம். அப்படியே ஆயிற்று, காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் ஜெபத்தின் நடுவில் சரிவார்கள், கொடி வரிசையை விட்டு ஓடிப்போய்த் தாங்கிக்கொள்வாள், நாங்கள் ஆமென் சொல்லிக் கண் திறக்கும்போது அவள் யாரையாவது மடியில் போட்டு விசிறிக்கொண்டிருப்பாள்.

மூடிய கண்களுக்குள் யார் யாருக்கு என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும், செய்யது பீவி இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல மேலே திருப்பிக்கொள்வாள், இசக்கியம்மாள் பரமண்டல ஜெபத்தை எங்களைவிட வேகமாக ஒப்பித்து முடித்து வாய்க்குள் முத்தாரம்மா என்று சேர்த்துக்கொள்வாள், பாட்டுப் போட்டியில் முதல் பரிசு எப்போதும் அவளுக்குத்தான், நாங்கள் கிறிஸ்தவப் பிள்ளைகள் பின்பாட்டுப் பாடினோம். நான் உபதேசியார் மகள், ஐயர் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்தி, கோயில் மணியடித்து, நோயாளிகளைப் பார்த்து, கல்லறைத் தோட்டத்துக் கதவைப் பூட்டித் திறப்பவர் உபதேசியார், என் விசுவாசம் வீட்டில் உப்பு இருந்ததுபோல இருந்தது, இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. உபதேசியார் மகள் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக் குறிப்புகள் வாசிக்கும் வேலை எனக்கு வந்தது, பெரிய டீச்சர் அறைக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி இருக்கும், யாருக்கு என்ன கஷ்டமோ எழுதிப் போடலாம், எந்த மதத்துப் பிள்ளையும் போடலாம், என் பாட்டிக்குக் கண் ஆபரேஷன், அண்ணன் மிலிட்டரியில் இருக்கிறான், அப்பா குடிக்காமல் இருக்க, என்று பேர் போட்டும் போடாமலும் சீட்டுகள் விழும், நான் மைக்கில் வாசிப்பேன், எண்ணூறு பேரும் ஆமென் என்பார்கள். அந்த மைக் அடிக்கடி கரகரக்கும், சுடரொளி மாமா வந்து காசு வாங்காமல் சரி செய்துவிட்டுப் போவார்.

அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது, கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், பத்தியம் இருந்தார், பிறகு வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், ஈரல் கெட்டுப்போச்சு என்றார்கள். கொடி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பள்ளிக்கூடம் வருகிறாள், சடையை அவளே பின்னியிருக்கிறாள், இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, ஏட்டி, உங்க சாமிகிட்ட எங்கப்பாவுக்காகக் கேக்கியா, என்றாள். நீயே கேளேன் என்றேன். நான் கேட்டா நீ யாருன்னு கேக்கும், எனக்கும் அதுக்கும் பழக்கமே இல்லியே, நீ கேளு, எம்பேரச் சொல்லாத, யாருக்கும் தெரியாண்டாம், எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப்போவும், என்றாள். சத்தியமாக் கேப்பேன் என்றேன், கையிலடித்துச் சத்தியம் செய்தேன்.

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டுக் கேட்டேன், வார்த்தை வரவில்லை, அதற்கு முந்தின மாதம்தான் கணக்குப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று ஒரு வாரம் கேட்டுப் பதினெட்டு மார்க் வாங்கியிருந்தேன், என் ஒற்றைக் குரலை நம்பி ஓர் உயிரை எப்படி விடுவது என்று பயந்துபோனேன். எண்ணூறு பேர் கேட்டால் வேறு. அதுவும் மொட்டையாகக் கேட்கக்கூடாது, எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம், பேரும் ஊரும் சொல்லிக் கேக்கணும், மொட்டைக் கடுதாசிக்கு யாரும் பதில் போடமாட்டாவ, என்று அப்பா எத்தனையோ தடவை பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் கொடியிடம் செய்த சத்தியம், இன்னொரு பக்கம் அவள் அப்பாவின் உயிர், பதினாலு வயசில் எது பெரிசு என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை, அந்த வெள்ளிக்கிழமை நானே ஒரு சீட்டு எழுதி, பெட்டியிலிருந்து எடுத்ததுபோல மற்றச் சீட்டுகளோடு வைத்து, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு அறிவுக்கொடி, தன் தகப்பனார் சுடரொளி அவர்களின் சுகத்துக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறாள், என்று அவர் சரி செய்த மைக்கில் கணீரென்று வாசித்தேன். எண்ணூறு பேர் ஆமென் என்றார்கள், அவ்வளவு பெரிய ஆமெனை அந்தப் பள்ளிக்கூடம் அதற்கு முன் கேட்டதில்லை, டீச்சர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எனக்குக்கூடப் புல்லரித்தது, பெருமையாக நிமிர்ந்து அவளைத் தேடினேன். அவள் கண்கள் திறந்திருந்தன, அவை என்னைப் பார்த்தன, நான் செய்தது என்ன என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

பழமொழி சொல்வதுபோல ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது, கருப்புச் சட்டைக்காரர் மகள் கர்த்தரிடம் கேட்டுவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா வேத புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு, சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேரையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், எதைச் சொல்வேன். கட்டிலில் கிடந்தவரைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது, அப்போதும் கருப்புச் சட்டைதான் போட்டிருந்தார், கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தது. அப்பா பணிவாகத்தான் பேசினார், அய்யா, ஒங்க மக ஸ்கூல்ல ஒங்களுக்காக ஜெபம் கேட்டிருக்கா, நீங்க சம்மதிச்சா ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போயிருதோம், என்றார். சுடரொளி மாமா எங்கள் யாரையும் பார்க்கவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கொடியைப் பார்த்தார், அவ கேட்டாளா, என்றார். இல்லை, நான்தான் கேட்டேன், அவள் பேரைப் போட்டு நான்தான் எழுதினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கொடி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஆமா என்று ஆட்டினாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி, செய்ங்க, என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

அப்பா ஜெபித்தார், நானும் கொடியும் மட்டும் கண் திறந்திருந்தோம், அவள் தன் அப்பாவின் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்க்கக்கூடாத எதையோ பார்ப்பதுபோல, அவள் உதடு கோணிக்கொண்டு போயிற்று. முடிந்ததும் அவர், நல்லது அய்யா, மைக் இல்லாமலே நல்லாப் பேசுதிய, என்று கேலி செய்தார், அப்பாவும் சிரித்தார், பெண்கள் ஸ்தோத்திரம் என்றார்கள், அப்பா வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார், நான் வாசலுக்கு உள்ளே இருந்தேன், அப்போதுதான் அவர் கொடியின் கையைப் பிடித்து, மனசு ஆறிச்சாம்மா, என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அது எனக்குக் கேட்டது, அப்பாவுக்குக் கேட்டதா இல்லையா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது, நான் அவரிடம் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது.

புதன்கிழமை அவர் இறந்துபோனார். சடங்கு எதுவும் இல்லை, கொடிதான் எரியூட்டினாள், அவருடைய இயக்கத் தோழர்கள் ஆறேழு பேர்தான் வந்திருந்தார்கள், ஐம்பது பேராவது வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர்களில் மூத்தவர் ஒருவர், கடைசியில ஒங்கப்பா கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டாராமே தாயி, என்று கேட்டிருக்கிறார், எனக்காகத்தான் மூடுனாவ என்று இவள் சொல்லியிருக்கிறாள், அவர் இவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார், பிள்ளை அப்படித்தானே சொல்லும் என்று நினைத்திருப்பார். வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள், சாட்சி சொல்வதற்கு, பதினாறு வருஷமாக மணியடித்துக் கதவு பூட்டித் திறந்த உபதேசியாரை அன்றைக்கு முதல்முறையாக மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், இருபது வருஷத்துக்கு மேல் இல்லை இல்லை என்று சொன்ன ஒரு மனிதன் கடைசிப் படுக்கையில் கண்களை மூடித் தன்னை ஒப்புக்கொடுத்தான், அதை இந்தக் கண்ணால் பார்த்தேன், என்று சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் உடைந்தது, நடிப்பு இல்லை, என் அப்பாவுக்கு நடிக்கத் தெரியாது. அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை கொடி வந்தாள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள், நான் அழ ஆரம்பித்தேன், அவள் அழவில்லை. அழாத, கேளு, என்றாள், தோழர்கள் அப்பாவுக்குப் படத்திறப்பு வைக்கலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் இறந்துபோனால் படத்தைத் திறந்துவைத்து அவர் வாழ்ந்ததைப் பற்றிப் பேசுவது அவர்கள் வழக்கம், அது ஒன்றுதான் அவர்களுக்குத் திவசமும் திருப்பலியும் எல்லாம், கொள்கையை விட்டவருக்கு அது எப்படி என்று சிலர் தயங்குகிறார்கள், நான் சொன்னா நம்ப மாட்டேங்காவ, நீ உபதேசியார் மக, நீ பக்கத்துல நின்ன, வெள்ளிக்கெழம மைக்குல நீ சொல்லு, எங்கப்பா ஒண்ணையும் ஏத்துக்கிடல, எனக்காகக் கண்ண மூடுனாவன்னு ஒரு வரி சொல்லு, போதும், என்றாள். அவள் என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும், ஒரு வரிதான் கேட்டாள். சொல்லுதேன் என்றேன்.

நாலு நாளும் அந்த வரியைச் சொல்லிப் பார்க்கிறேன், குளிக்கும்போது, அரிசி களையும்போது, சொல்லச் சொல்ல அந்த வரிக்கு அப்பாவின் முகம் வந்துவிடுகிறது, மேடை நாற்காலியில் உட்கார்ந்த முகம், சோற்றைப் பிசையும் முகம், எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் என் வாயால் அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டு அவர் போடும் சோற்றை நான் எப்படித் தின்பேன். வெள்ளிக்கிழமை வந்தது, மைக்குக்கு முன்னால் நின்றேன், சீட்டுகளை எல்லாம் வாசித்து முடித்தேன், ஒரு சீட்டும் மிச்சமில்லை, அவள் மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து நிற்கிறாள், என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் என் கண்களை இறுக மூடிக்கொண்டு, அன்பின் பரலோகப் பிதாவே, என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை, நிறுத்தினால் கண்ணைத் திறக்க வேண்டும், தேசத்துக்காகவும் தலைவர்களுக்காகவும் மழைக்காகவும் ஜெபித்தேன், முதல் மணி அடித்துவிட்டது, பெரிய டீச்சர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் ஆமென் என்றேன். வகுப்புக்குப் போகும் வழியில் கொடி என் பக்கத்தில் வந்து நடந்தாள். உங்கப்பா இருக்காவல்லா, எப்படிச் சொல்லுவ, எனக்கு எங்கப்பா மாதிரித்தான உனக்கும், என்றாள். கொஞ்ச தூரம் போய், எப்பமாச்சும் சொல்லு, என்றாள். அடுத்த வாரம் அவளுடைய சித்தப்பா திருப்பூரிலிருந்து வந்து டி.சி. வாங்கி அழைத்துக்கொண்டு போய்விட்டார், படத்திறப்பு நடக்கவில்லை, கடையின் போர்டை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். திருப்பூருக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களும் பதிலில்லாமல் போயின, என் முகவரியை எல்லாவற்றிலும் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

எப்பமாச்சும், எப்பமாச்சும், அதை வைத்துக்கொண்டே படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் கட்டினேன், அப்பா இருக்கும்வரை முடியாது என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன், அப்பா தொண்ணூற்றொரு வயது வரை இருந்தார், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாராவது கேட்க அந்தச் சாட்சியைச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது, சில கனவுகளில் நான் அந்த வரியைச் சொல்லிவிடுவேன், சொன்னதும் மைக் கரகரக்கும், யாருக்கும் கேட்காது. இதோ ஐயர் அந்தக் கதைக்கு வந்துவிட்டார், இந்த உம்முடைய ஊழியக்காரனைக் கொண்டு சுடரொளி என்கிற மனுஷனை அந்தகாரத்திலிருந்து மீட்டீரே ஆண்டவரே, என்கிறார், இவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார். ஆமென் என்று கோயில் நிறைந்து சொல்கிறது. கண் திறக்கிறேன், ஐயர் மைக்கை என் கையில் கொடுத்து, மகளும் ஒரு சின்ன ஜெபம் ஏறெடுக்கட்டும், என்கிறார், எல்லோரும் மறுபடி தலை குனிந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள், என் புருஷன், என் பிள்ளைகள், சபையார் எல்லாரும், பெட்டிக்குள் அப்பாவும்.

நான் மூடவில்லை. மூடிய கண்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தேன், திறந்த கண் ஒன்று எங்காவது இருக்காதா என்று கடைசி பெஞ்சு வரை தேடினேன், பிறகு சொன்னேன், சுடரொளி மாமா அன்னைக்கு ஒண்ணையும் ஏத்துக்கிடல, மக மனசு ஆறட்டும்னு அவளுக்காகக் கண்ண மூடுனாவ, அவளும் ஜெபம் கேக்கல, அவ பேர நான்தான் வாசிச்சேன், நான் அங்க நின்னேன், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன், ஒரு வரிக்கு நாற்பது வருஷம். யாரும் கண் திறக்கவில்லை, ஜெபம் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள், மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது, நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாததால் முடிந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசையில் யாரோ ஆமென் என்றார்கள், உடனே எல்லோரும் ஆமென் என்றார்கள். ஐயர் மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டு எண்ணைச் சொன்னார். அத்தை வந்து என்னைத் தோளோடு சேர்த்து, என்னமோ பேசுதியே பிள்ளே, அழுதுரு, அப்பாவ நெனச்சு வாய்விட்டு அழுதுரு, என்றாள், நானும் அழுதேன், அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், யாரை நினைத்து அழுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்.